குழந்தைக்கும் கூழைக்கடாவுக்கும் ஒரே லென்ஸ் போதுமா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. வீட்டு விசேஷங்கள், பள்ளி ஆண்டுவிழா, பிள்ளைகளின் அன்றாடச் சேட்டை இவற்றோடு, கொல்லைக்கு வரும் பறவைகளையும் கூந்தன்குளத்துப் பறவைகளையும் எடுக்க ஆசை. இப்போது 55-இல் வைத்து எடுத்தால் மீன்கொத்தி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தனார், "டாம்ரான் 18-400 வாங்கி வருகிறேன், எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்" என்கிறார். எங்கள் ஏரியா ஸ்டுடியோ அண்ணன், "75-300 போதும், விலையும் குறைவு" என்கிறார். 150-600 இல்லாமல் பறவை எடுக்கவே முடியாது என்று யூடியூபில் சொல்கிறார்கள். லென்ஸைக் கழற்றி மாட்ட எனக்குப் பயம். கடன் வாங்காமல் ஒரே ஒரு லென்ஸ் வாங்க வேண்டும். எதை வாங்கட்டும்?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: மூன்று பேர் மூன்று லென்ஸ் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பறவை எவ்வளவு தூரத்தில் உட்காருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்து தொடங்குவோம். லென்ஸ் பெயரில் வரும் 55, 250, 400 எல்லாம் மி.மீ. கணக்கிலான குவியத் தூரம், எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்.

பணம் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் 55-இல் எடுத்த அந்த மீன்கொத்திப் படத்தைக் கணினியில் திறந்து, பறவையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு வெட்டுங்கள். படத்தின் அகலத்தில் நாலரையில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டினால், அதுதான் 250 மி.மீ. லென்ஸ் காட்டப்போகும் காட்சி. ஏழில் ஒரு பங்கு என்றால் 400. பதினொன்றில் ஒரு பங்கு என்றால் 600. வெட்டிய படம் தெளிவாக இருக்காது, அது பரவாயில்லை. பறவை கட்டத்துக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் கொல்லை, உங்கள் மரம், நீங்கள் நிற்கும் வாசற்படி எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில் இதில் கிடைத்துவிடும்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெண்மார்பு மீன்கொத்தி அலகு முதல் வால் வரை ஏறக்குறைய 28 செ.மீ. நீங்கள் 15 மீட்டர் தள்ளி நின்று 250-இல் எடுத்தால், படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு பறவை இருக்கும். உங்கள் கேமராவின் 24 மெகாபிக்சலில் அது சுமார் 1,250 பிக்சல் நீளம். வெட்டி எடுத்தால் வாட்ஸ்அப் குழுவுக்கும், அஞ்சலட்டை அளவு பிரிண்டுக்கும் தாராளம். 400-இல் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வரும். வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 15 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கு வந்துவிட்டால் 250-லேயே அந்த மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடும். கொல்லையில் அது கஷ்டமே இல்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள், பறவை உங்களைப் பழகிக்கொள்ளும். தேன்சிட்டு வெறும் பத்து செ.மீ.தான். செம்பருத்திக்கு வரும்போது ஐந்து மீட்டரில் உட்கார்ந்திருந்தால், 15 மீட்டர் மீன்கொத்தியைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

கூந்தன்குளத்துக்கு வருவோம். அங்கே நீங்கள் கண்டிப்பாகக் கவனித்திருப்பீர்கள், கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே குஞ்சுகள் இரை கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும். சங்குவளை நாரை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பறவை. அது 12 மீட்டர் தூரத்தில் இருந்தால் 250-இல் படத்தின் அகலமே ஏறக்குறைய நிறைந்துவிடும். சிறகை விரித்தால் இறக்கை வெட்டுப்படும். அந்தத் தெருவில் 600 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அலகு மட்டும்தான் கிடைக்கும், இல்லாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்படி ஊர்க்காரர்களின் தயவால் பறவை பக்கத்தில் கிடைக்கிற இடங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்று உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. லென்ஸ் வாங்கும்போது அதையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

குளத்தின் நடுவே இருக்கிற பறவைகளின் கதை வேறு. குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து முக்கால் மீட்டர் நீளம். 150 மீட்டர் தள்ளி அது மிதக்கும்போது 400 மி.மீ. லென்ஸிலும் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 600-இலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. போதாக்குறைக்குக் காலை ஒன்பது மணி தாண்டினால் தண்ணீருக்கு மேல் கானல் அலையடிக்கும், எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். அந்த வாத்துகளுக்காக லென்ஸ் வாங்காதீர்கள். 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கி மகள் கையில் கொடுங்கள். ஒன்பது வயதுக்கு அது சரியான பொருள். நீங்கள் எடுக்காமல் விட்ட பறவைகளை அவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இனி வீட்டுக்குள். இங்கே பிரச்சினை தூரம் கிடையாது, வெளிச்சம். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 5.6 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ 1600 (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) என்று வைத்தால் ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். மூன்று வயதுப் பையன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அவன் கை அசைவை நிறுத்த குறைந்தது 1/250 வேண்டும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும், பையனின் ஆட்டத்தை அது ஒன்றும் செய்யாது. பறவைக்கும் இதே கதைதான். கிளையில் உட்கார்ந்திருக்கும் குருவிகூட நொடிக்கொரு முறை தலையைத் திருப்பும்.

ஆக, பறவைக்கு நீளம் வேண்டும், வீட்டுக்குள் பிள்ளைக்கு அகலத் திறக்கும் லென்ஸ் வேண்டும். இரண்டையும் ஒரே குழாய்க்குள் அடைத்தால் அதன் எடையும் விலையும் உங்கள் சம்பளத்துக்கும் என் சம்பளத்துக்கும் சேர்த்தே அடங்காது. 18-400 போன்ற லென்ஸ்கள் நீளத்தைக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் கை வைக்கின்றன. 400-இல் அது எஃப் 6.3. வெயில் நேரத்தில் சரி. மாலை ஐந்தரைக்கு மேல் 1500டி-யின் ஒன்பது புள்ளி ஃபோகஸ் அதில் முன்னும் பின்னும் அலைய ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் உங்கள் 18-55 கொடுக்கிற வெளிச்சத்தைவிட ஒரு சொட்டுகூட அதிகம் கொடுக்காது. கிட்டத்தில் இருக்கிற பொருளை எடுக்கும்போது 400 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அவ்வளவு பெரிதாகக் காட்டுவதும் இல்லை. இந்த வகை சூப்பர்ஜூம்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. சாம்பார், ரசம், பாயசம் மூன்றுக்கும் ஒரே கரண்டி போட்டுப் பரிமாறுகிற பந்தி மாதிரி, பசி தீரும், ருசி கலந்துவிடும்.

அந்த லென்ஸை நான் மட்டம் தட்டவில்லை. மணப்பாடு கடற்கரையில் மணல் பறக்கும்போது, ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, அலையில் விளையாடும் மகளையும் மேலே வட்டமிடும் செம்பருந்தையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும் என்றால் அதைவிட வசதியானது எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடை, உங்கள் கேமராவோடு சேர்ந்து 1.2 கிலோ கழுத்தில் தொங்கும். அதையும் தாங்கலாம். ஆனால் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் வீட்டிலும் கொல்லையிலும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. கொழுந்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாங்கும் லென்ஸுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், பேச்சு தானாக வேறு பக்கம் போய்விடும்.

ஸ்டுடியோ அண்ணன் சொன்ன 75-300 வேண்டவே வேண்டாம். கேனானின் அந்த விலை குறைந்த லென்ஸில் ஸ்டெபிலைசர் கிடையாது. 300-இல் கையில் பிடித்து எடுத்தால் பத்துக்கு ஆறு படம் ஆடும், ஆடாததும் மங்கலாக இருக்கும். ஃபிலிம் காலத்திலிருந்து கல்யாணம் எடுத்த எங்கள் தலைமுறைக்கு "300" என்ற எண் மீது ஒரு மயக்கம் உண்டு, அவர் அதில்தான் சொல்லியிருப்பார்.

150-600 பற்றி ஒரு வரி போதும். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ, தொடங்குவதே 150-இல், அதில் உங்கள் வீட்டுப் பிறந்தநாளை எடுக்க வேண்டுமானால் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

நான் சொல்வது இதுதான். 18-55 அப்படியே இருக்கட்டும். கேனான் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்குங்கள். பெயரின் கடைசியில் எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அதே 55-250 பழைய வடிவங்களிலும் சந்தையில் சுற்றுகிறது. எஸ்டிஎம் எடை 375 கிராம்தான், ஸ்டெபிலைசர் உண்டு, ஃபோகஸ் சத்தமில்லாமல் வரும். 85 செ.மீ. வரை கிட்டே போகலாம். பழையதில் 1.1 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் எலுமிச்சைச் செடிக்கு வருகிற வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தால் எஸ்டிஎம்மில் படம் நிறைந்து நிற்கும். பள்ளி ஆண்டுவிழாவில் மூன்றாவது வரிசையிலிருந்து மகளின் முகத்தை எடுக்கவும் இதே லென்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை மாடியில் பிள்ளைகள் விளையாடும்போது 100 பக்கம் வைத்து எடுத்துப் பாருங்கள், பின்னணி கரைந்து முகம் மட்டும் எழுந்து நிற்கும். பறவை லென்ஸ் என்று நினைத்து வாங்கியது குடும்ப ஆல்பத்தில் பாதியை நிரப்பிவிடும்.

இதற்குப் பிறகும் பணம் மிஞ்சும். 18-400-ஐ வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்காது. அந்தப் பணத்தில், இப்போதோ அடுத்த போனஸிலோ, 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் ஒன்று வாங்குங்கள். ஜூம் கிடையாது, எடை 160 கிராம். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். டியூப்லைட்டில் 1/30 கிடைத்த இடத்தில் 1/300 கிடைக்கும், பையன் ஆடினாலும் முகம் தெளிவாக வரும். சின்ன அறையில் இது கொஞ்சம் நெருக்கடியான லென்ஸ். மூன்று மீட்டர் பின்னால் போனாலும் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல் அகலம்தான் அடங்கும். கேக் வெட்டும்போது சுற்றி நிற்கிற சொந்தபந்தம் அத்தனை பேரும் வேண்டுமென்றால் பழைய 18-55-ஐ 18-இல் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே லென்ஸ் கேட்டேன், இந்த மனுஷன் மூன்றைச் சொல்கிறாரே என்று கோபம் வரும். உங்கள் உண்மையான தயக்கம் கழற்றி மாட்டுவதில்தான் இருக்கிறது, அது ஒரு வாரத்தில் போய்விடும். கேமராவை ஆஃப் செய்யுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள், புது லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கட்டிலில் உட்கார்ந்து செய்தால் கை தவறினாலும் மெத்தையில்தான் விழும். ஆடிக் காற்றடிக்கும் நாளில் வெளியே நின்று மாற்றாதீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, வெளியே போய் மாற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. கூந்தன்குளம் போகிறீர்களா, வீட்டிலேயே 55-250-ஐ மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே குடும்பத்தோடு ஒரு படம் வேண்டுமென்றால் கையில் செல்போன் இருக்கிறது.

வாங்கியதும் பறவைக்கு இப்படி வையுங்கள். டிவி மோடு (டயலில் Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது), ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ ஆட்டோவில் 3200 வரை, ஃபோகஸ் ஏஐ சர்வோவில் (நகரும் பொருளைத் தொடர்ந்து போகும் ஃபோகஸ்), ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும். 1500டி-யில் நடுப்புள்ளிதான் கெட்டியானது. பறக்கும் நாரைக்கு 1/2000. இந்தக் கேமரா நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அதனால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. நாரை கூட்டை நெருங்கி இறங்கும்போது இறக்கையைப் பின்னுக்கு அடித்து வேகத்தைக் குறைக்கும், அந்த நேரத்துக்குக் காத்திருந்து அழுத்துங்கள். கூட்டுக்கு நேர் கீழே போய் நிற்பதும் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. தாய்ப்பறவை எழுந்து போய்விட்டால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எச்சம் விழும் என்பது இரண்டாவது காரணம்.

கேள்வி: போன இதழில் பழைய லென்ஸ் வாங்கலாம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தீர்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? நான் இருப்பது கடலோர ஊர்.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: கடலோரம் என்றால் முதலில் பூஞ்சை. லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஒட்டடை நூல் போலக் கிளை பிரிந்து ஏதாவது தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி இருப்பது பெரிய குறை இல்லை, எல்லாப் பழைய ஜூம்களிலும் இருக்கும். விற்பவர்கள் தூசியைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பூஞ்சையைப் பற்றிப் பேசாமல் இருப்பார்கள்.

அடுத்து உங்கள் கேமராவிலேயே மாட்டுங்கள். ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று, ஜூமின் இரு முனைகளிலும், முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கல் என்றால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. ஷட்டரைப் பாதி அழுத்தும்போது ஸ்டெபிலைசர் மெல்லிய ரீங்காரத்தோடு விழிக்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். கேனானின் கவனம் இப்போது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டதால் 55-250 எஸ்டிஎம் மாதிரி நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பழையதாக நிறையவே கைமாறுகின்றன. நீங்களே பின்னால் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் அடாப்டர் போட்டு இதை மாட்டலாம், பணம் வீணாகாது.

வாங்கிய பிறகு தோல் உறையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அதைவிட நல்ல வைத்தியம், வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

கேள்வி: ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். வயலில் வரும் பறவைகளையும், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளையும் எடுக்க வேண்டும். லென்ஸ் மாற்றுவது, செட்டிங் படிப்பது எல்லாம் எனக்கு ஆகாது. எனக்கு என்ன சொல்வீர்கள்?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: ஐயா, உங்களுக்கு லென்ஸே வேண்டாம். நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா ஒன்று, கிடைத்தால், பார்த்து வாங்குங்கள். 83 மடங்கு ஜூம், கழற்ற முடியாத ஒரே லென்ஸ், மொத்த எடை ஒரு கிலோ. நடவு வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரையை வரப்பில் நின்றபடியே முழுப்படமாக எடுக்கலாம், பௌர்ணமி நிலாவைப் பேரனுக்குக் காட்டலாம். அதன் சென்சார் டிஎஸ்எல்ஆர் சென்சாரின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், அதனால் இருட்டத் தொடங்கியதும் படம் புள்ளி புள்ளியாக உதிரும். உங்கள் பறவைகள் பகலில்தான் வரும். பேரப்பிள்ளைகளைத் திண்ணைக்குக் கூப்பிட்டு எடுங்கள்.

மேலே ஆசிரியைக்கு இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் வீட்டில் மூன்று வயதுப் பையன் தினமும் இரவு எட்டு மணிக்கு ஆடுகிறான். உங்கள் வீட்டில் மே மாதம் மட்டும்தான்.

கேள்வி: என் 55-250 லென்ஸில் டெலிகன்வெர்ட்டர் போட்டால் 500 ஆகிவிடுமாமே?
– ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: டெலிகன்வெர்ட்டர் என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் காட்சியைப் பெரிதாக்குவது. கேனானின் சொந்தக் கன்வெர்ட்டர் அந்த லென்ஸில் பொருந்தாது. வேறு கம்பெனியினுடையதைப் பொருத்தினாலும், இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் எஃப் 5.6-ஐ எஃப் 11 ஆக்கிவிடும், ஆட்டோஃபோகஸ் படுத்துவிடும். அந்தப் பணத்துக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் பத்து முறை பஸ் ஏறலாம். காலை ஆறரைக்குள் போய்ச் சேருகிற பஸ்ஸாகப் பாருங்கள்.